தனிக்கதையின் முடிவை ஆடுபவரிடம் விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் கற்பனைக்கதை ஆட்டங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முகம் பார்த்துப் பேசி ஆடும் இப்படியொரு விளையாட்டு கொங்கு நாட்டு ஊர்களிலும் வேர்பிடித்து வருவதைப் பொறுப்போடு எழுதியிருந்தீர்கள். அதற்கு முதலில் என் நன்றி. ஆயினும் கட்டுரையின் கடைசிப் பகுதியில் இருந்த ஒரு யோசனையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர், முதல் நாள் ஆட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய தனிக்கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், தொலைக்காட்சித் தொடருக்குத் திரைக்கதை எழுதுவதுபோல அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. ஈரோட்டில் சில ஆண்டுகளாக இவ்வாட்டத்தை நடத்தி வருபவள் என்ற முறையில், இந்த யோசனை புதிதாகத் தொடங்குபவர்களைத் தவறான வழியில் கொண்டுபோய் விடும் என்று உறுதியாகக் கருதுகிறேன். தனிக்கதைக்குத் தொடக்கம் வேண்டும், அதில் உலவும் மனிதர்கள் வேண்டும், விடை தெரியாத ஒரு கேள்வி வேண்டும். முடிவை மட்டும் கேம் மாஸ்டர் எழுதக் கூடாது.

இவ்வாட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில செய்திகளை இங்கே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இவ்வகையில் முதலில் விற்பனைக்கு வந்த ஆட்டம். சிறு பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து அது பிறந்ததால், தொடக்கத்தில் பாத்திரங்களுக்கு முன்கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. முதல் நிலவறையிலேயே மாண்டுபோகக்கூடிய வீரனுக்கு யாரும் பக்கம் பக்கமாக வாழ்க்கை வரலாறு எழுதிக்கொண்டிருக்கவில்லை. 1977-இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ஆட்டம், ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய பாத்திரத்தின் பணிவாழ்க்கையையே பகடையால் தீர்மானித்தது; அந்தக் கட்டத்திலேயே பாத்திரம் இறந்துபோவதற்கும் அதில் விதி இருந்தது. 1985-இல் வந்த பென்ட்ராகன் என்ற ஆட்டம், ஆர்தர் மன்னன் காலத்து வீரர்களின் அன்பு, பகை, விசுவாசம் ஆகியவற்றை எண்களாக்கிப் பாத்திரத்தின் விவரத்தாளில் எழுத வைத்தது. 2014-இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில், ஒவ்வொரு பாத்திரத்தின் தாளிலும் இயல்பு, கொள்கை, பிணைப்பு, குறை என்று நான்கு இடங்களை ஒதுக்கினார்கள். சண்டைக்குரிய எண்களோடு தொடங்கிய தாளில் நாற்பது ஆண்டுகளில் மனிதரின் உள்ளமும் உறவும் இடம்பிடித்த வரலாறு இது. நான் மேலே குறிப்பிட்ட எந்த ஆட்டத்தின் தாளிலும் பாத்திரத்தின் முடிவை எழுதுவதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொன்னால் என் கருத்து விளங்கும். எங்கள் ஆட்டம் நடக்கும் நாடு கற்பனை நாடுதான். ஆனால் அதை நொய்யல் கரையைப் பார்த்து உருவாக்கினேன். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய இடங்களும், மணிகள் செய்த பட்டறைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்துள்ளன. காங்கயத்துக்கு அருகிலுள்ள படியூரில் நீலப்பச்சைக் கற்கள் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்குச் சென்ற வணிகப் பெருவழி இந்நிலத்தின் ஊடாகத்தான் போயிற்று. ஒரு கற்பனை நாட்டுக்குத் தேவையான கைவினை, வணிகம், வழிப்பறி, மலைக்கணவாய் எல்லாம் நம் காலடியிலேயே கிடப்பதால், பனிமலைக் கோட்டைகளைத் தேடி நாங்கள் போகவில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, மணி அறுக்கும் பட்டறையில் வளர்ந்த பெண் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். அவளுக்குத் தொழில் கற்றுத்தந்த குரு, பாதி துளையிட்ட ஒரு நீலப்பச்சைக் கல்லைப் பட்டறையில் விட்டுவிட்டு ஓர் இரவில் காணாமல் போய்விட்டார். அவரைத் தேடித்தான் அவள் ஊரைவிட்டுக் கிளம்புகிறாள். இதை அந்தத் தம்பி நான்கு பக்கத்துக்கு அழகாக எழுதிக் கொண்டுவந்தார். தங்கள் கட்டுரை சொல்லும் முறைப்படி, நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு, குருவை ஓர் அரக்கன் கடத்திச் சென்றதாகவும், இத்தனையாவது வாரத்தில் அவள் அவரை மீட்பதாகவும் எழுதி முடித்திருக்க வேண்டும். நான் எதையும் எழுதாமல், குரு எதிரே வந்து நின்றால் அவள் முதலில் என்ன கேட்பாள் என்று மட்டும் அவரைக் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "கண்டுபிடிச்சே ஆகோணும்னு இல்லீங்க்கா. என்னைய ஏன் விட்டுட்டுப் போனாருன்னு தெரிஞ்சாப் போதுமுங்க" என்றார்.

நான்கு பக்கத்தில் இல்லாத கதை அந்த ஒரு பதிலில் இருந்தது. குருவைக் கண்டுபிடிப்பது மட்டும் நோக்கமாக இருந்தால், ஒரு வாள்சண்டையில் அதை முடித்துவிடலாம். ஏன் கைவிடப்பட்டோம் என்பது நோக்கமானால் வாளுக்கு அங்கே வேலையில்லை. ஒரு மனிதர் வாய் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும், கேட்பவர் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே நான் முதலில் அந்தக் குருவைப் பற்றி எழுதினேன். அவர் மெருகேற்றிய கண்ணாடியை அசல் கல்லோடு கலந்து பெருவழி வணிகர்களுக்கு விற்றவர்; அது ஒரு பெருவணிகனுக்குத் தெரிந்துவிட்டது; பழி தன் மாணவிமேல் விழாமல் இருக்க அவளிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் ஊரைவிட்டு ஓடியவர்; இப்போது கணவாய்க்கு அப்பால் வேறு பெயரில் வாழ்கிறார், கண்டுபிடிக்கப்படுவதை விரும்பவில்லை. அவர் எங்கே இருக்கிறார், எதற்கு அஞ்சுகிறார், எதைக் காப்பாற்ற நினைக்கிறார் என்பதுவரை எழுதினேன். மாணவி அவரை மன்னிப்பாளா என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதை எழுதும் உரிமை எனக்கில்லை.

அடுத்து, அந்தக் கதையை மற்றொருவர் கதையோடு முடிச்சுப் போட வேண்டியிருந்தது. எங்கள் குழுவில் மாடு மேய்க்கும் இளைஞனாக ஆடுபவர், வேலை தேடிப்போன தன் அண்ணன் வீட்டுக்குத் திரும்பவில்லை என்று எழுதியிருந்தார். அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, அந்த அண்ணனை அதே பெருவணிகனின் வண்டிகளுக்கு வழிக்காவலனாக ஆக்கினேன். இவ்வாறு முடிச்சுப் போட்டதால், மணி அறுப்பவள் வணிகனை நெருங்கி விசாரிக்கும் ஒவ்வொரு முறையும் மாட்டுக்காரத் தம்பிக்கு நெஞ்சு பதறியது. அவள் வணிகனின் கோபத்தைக் கிளறினால் அண்ணனின் பிழைப்பு போய்விடும். ஒருவரின் தனிக்கதை நடக்கும்போது மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்று பல மேசைகளில் குறை சொல்லக் கேட்கிறேன். அவர்களுக்கும் அந்தக் காட்சியில் இழப்பதற்கு ஏதாவது இருந்தால் கைப்பேசியின் நினைவே வராது.

குருவிடம் உண்மை வெளிப்பட்ட அதே இரவில் வணிகன் அவர்களைப் பிடித்துவிட்டான். குரு விற்ற கற்களில் ஒன்றை அவள் கையில் கொடுத்து, இது அசலா போலியா என்று கேட்டான். அங்கே கல்லைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. அந்தத் தம்பி நெடுநேரம் பேசவில்லை, மேசையில் வேறு யாரும் பேசவில்லை. கடைசியில், "அசல்தானுங்க, நானே அறுத்த கல்லு" என்று அவள் குரலில் சொன்னார். பொய் எடுபடுகிறதா என்று பார்க்க இருபது முகப் பகடையை உருட்டினார். மூன்று விழுந்தது. வணிகன் நம்பவில்லை, பொய்யும் சொல்லி, கல்லைத் தானே அறுத்ததாகவும் ஒப்புக்கொண்டதால், குருவின் கடனெல்லாம் அவள் தலையில் விழுந்தது. அதை உழைத்து அடைப்பதாக அவள் வாக்குக் கொடுத்தாள். மொத்தக் குழுவும் அவனுடைய வண்டிகளோடு மேற்கே போக வேண்டியதாயிற்று. எங்கள் பெருங்கதை அன்றைக்குத் திசை திரும்பியது.

மீட்பு என்றொரு முடிவை நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், அந்த மூன்றை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பேன்? கேம் மாஸ்டர்கள் தங்கள் தாள்களை மறைக்க முன்னால் ஓர் அட்டைத் திரையை நிறுத்திக்கொள்வது வழக்கம். அந்தத் திரைக்குப் பின்னால் வேறொரு பகடையை உருட்டி, வணிகன் எப்படியோ நம்பிவிட்டான் என்று சொல்லியிருப்பேன், அல்லது அந்தக் கேள்வியே எழாமல் பார்த்திருப்பேன். முடிவை எழுதி வைத்தவர்களுக்குப் பகடை எதிரியாகிவிடுகிறது, ஆடுபவரின் தைரியமான சொல் இடைஞ்சலாகிவிடுகிறது. தான் என்ன சொன்னாலும் கதை ஒரே இடத்துக்குத்தான் போகிறது என்பதை ஆடுபவர் வெகு சீக்கிரத்தில் உணர்ந்துகொள்கிறார்; அதன்பிறகு அவர் ஆட்டத்துக்கு வருவது நட்புக்காகத்தான்.

நம் பகுதிக் கதைமரபுக்கே முடிவு தெரிந்துதானே இருக்கிறது என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. உடுக்கடித்துப் பல இரவுகள் பாடப்படும் அண்ணன்மார் சாமி கதையில், அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் படுகளத்தில் வீழ்வார்கள் என்பது கேட்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அங்கே கேட்பவர்கள் வழிபாட்டுக்கு வருகிறார்கள். தெரிந்த முடிவைத் தெரிந்தே மீண்டும் கண்ணீரோடு கேட்பதுதான் அங்கே பலன். எங்கள் மேசையில் அமர்பவர் சங்கராக இருந்து பார்க்க வருகிறார். சங்கருக்குத் தன் முடிவு தெரியாது.

ஆனாலும் அந்தக் கதையின் கட்டுமானத்திலிருந்து ஆட்டம் நடத்துபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது மிக அதிகம். பகை பிள்ளைகளின் காலத்தில் பிறப்பதில்லை. அவர்களுடைய தந்தை குன்னுடையாக் கவுண்டரைப் பங்காளிகள் படுத்திய பாட்டிலேயே அது வேர்விட்டு, தாய் தாமரையின் நெடுந்தவத்தின் ஊடாக வளர்ந்து, பிள்ளைகளிடம் வந்து சேர்கிறது. தங்கைக்கு வரப்போவது முன்பே தெரிகிறது, அண்ணன்மாருக்குத் தெரிவதில்லை. அண்ணன்மாரை எதிர்த்து நிற்கும் வேட்டுவர் பக்கத்துக்கு அவர்களுடைய நியாயமும் மானமும் உண்டு. இத்தனை பேருடைய தனித்தனி இழைகளும் கொம்பன் என்ற காட்டுப்பன்றியின் வேட்டையில் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. பாடப்படும் வடிவங்களில் ஒன்றில், வேட்டைக்குப் புறப்படும்போது வீட்டிலிருந்த ஒரு சிறு பெண் நாயை அழைக்க மறந்துவிடுகிறார்கள்; அது மனம் நொந்துபோகிறது, வேட்டைக்காரர்களுக்குத் துன்பம் வருகிறது, அதை வரவழைத்த பிறகுதான் பன்றி வீழ்கிறது. ஒவ்வொரு வாரமும் ஆட்டத்துக்குத் தயாராகும்போது, இந்த வேட்டைக்கு யாரை அழைக்க மறந்தேன் என்று கேட்டுக்கொள்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. பேச்சு அதிகமுள்ளவர் தன் தனிக்கதையைத் தானே இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஓரத்தில் அமைதியாக இருப்பவருடைய இழையைத்தான் நாம் போய் எடுத்துவர வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அண்ணன்மார் நம் ஊர்களில் இன்றும் வணங்கப்படும் தெய்வங்கள்; வேட்டுவர் தரப்பு அதே நிகழ்வுகளைத் தங்கள் நினைவில் வேறு விதமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களை ஆட்டத்துக்குள் அப்படியே கொண்டுவந்து ஒரு சாதியை நாயகர்களாகவும் மற்றொன்றை வெட்டி வீழ்த்த வேண்டிய கூட்டமாகவும் நிறுத்துவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். கதை எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதை எடுத்துக்கொள்ளலாம், பெயர்களைக் கோயிலிலேயே விட்டுவிடலாம்.

தனிக்கதைக்கு உறவுகளே உயிர். ஆனால் புதிதாக ஆட வருபவர்களில் பலர், தங்கள் பாத்திரத்தின் பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லாரும் தீயில் எரிந்தோ கொள்ளையரால் வெட்டுண்டோ இறந்துவிட்டதாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். உறவினரை உயிரோடு வைத்தால் கேம் மாஸ்டர் அவர்களைக் கடத்திப் பணயம் வைப்பார் என்ற பயமே இதற்குக் காரணம்; அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் கேம் மாஸ்டர்கள்தான். ஒருவர் தன் தாயைப் பற்றி எழுதித் தந்தவுடன் மூன்றாம் வாரத்தில் அந்தத் தாயைக் கொன்றுவிட்டால், நான்காம் வாரத்திலிருந்து அந்த மேசையில் எல்லாரும் அனாதைகளாகத்தான் இருப்பார்கள். உறவுகளை ஆபத்தில் தள்ளுவதைக் காட்டிலும், அவர்களை எதையாவது எதிர்பார்த்துக் காத்திருக்க வைப்பதே பலமான கதையைத் தருகிறது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வரும், வேளாண்மை படிக்கும் ஒரு பெண், குடும்பமே அழிந்துபோன போர்வீராங்கனையாக வந்தார். ஒரே ஒருவரையாவது உயிரோடு வைக்கச் சொன்னேன், தம்பியை வைத்தார். அந்தத் தம்பிக்குத் திருமணம் நிச்சயமானதாகச் செய்தி வந்தது. கொங்குத் திருமணங்களில் மணமகனின் உடன்பிறந்தாள் செய்யும் இணைச்சீரை வாசகர்கள் அறிவார்கள். திருமணமானாலும் பிறந்த வீட்டில் அவளுக்கு உள்ள இடம் மாறாது என்பதை ஊரறியச் சொல்லும் சடங்கு அது. எங்கள் கற்பனை நாட்டிலும் அவ்வழக்கத்தை வைத்திருந்தேன். அவள் வராவிட்டால், அவர்கள் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுப் பெண் முறைக்கு அக்காவாக நின்று அந்தச் சீரைச் செய்வாள், அதோடு அந்த வீட்டின்மேல் அவர்களுக்கும் ஓர் உரிமை வந்துவிடும். குழுவோ அப்போது மலைமேல், தப்பி ஓடும் மந்திரவாதி ஒருவனைத் துரத்திக்கொண்டிருந்தது. இறங்கினால் அவனை விட்டுவிட வேண்டும். யாரும் யாரையும் கடத்தவில்லை, ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை. ஆனாலும் அன்றைய ஆட்டம் முழுவதும், போவதா வேண்டாமா என்று அவர்கள் தங்களுக்குள் பேசியதிலேயே கழிந்தது. அவள் இறங்கிப் போனாள். மந்திரவாதி தப்பினான், அதன் விளைவை மலையடிவாரத்து ஊர் ஒன்று அனுபவித்தது, அதற்கு அவளே பொறுப்பேற்றுக்கொண்டாள். நம் வீடுகளில் தாய்மாமன் சீர், பங்காளி வழக்கு, காணி பாகம், குலதெய்வக் கோயில் முறை என்று இத்தகைய கடமைகள் எத்தனை இருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், தனிக்கதைக்குக் கருவே கிடைக்கவில்லை என்ற புலம்பலுக்கு இடமிருக்காது.

நடைமுறையில் கவனிக்க வேண்டிய வேறு சில உண்டு. அவற்றை விரைவாகச் சொல்கிறேன். தனிக்கதை நகர்வதற்கு இன்றியமையாத துப்பை ஒரே இடத்தில், ஒரே பகடைக்குப் பின்னால் பூட்டி வைக்கக் கூடாது. பூட்டை உடைக்கும் பகடை தோற்றால் கதை அங்கேயே நின்றுவிடும். ஆகவே அதே செய்தியைக் கடிதத்திலும், கிழவி ஒருத்தியின் வாயிலும், எதிரியின் பெட்டியிலும் வெவ்வேறு அளவில் வைத்துவிட வேண்டும். எல்லாருடைய தனிக்கதையையும் ஒரே வாரத்தில் திறக்கக் கூடாது. ஒரு நாள் ஆட்டம் மூன்று நான்கு மணி நேரம் நடந்தால், ஒருவருடைய தனிக்கதைக்கு ஒன்றிரண்டு காட்சிகளே போதும். முன்கதை எவ்வளவு நீளமானாலும், அதில் நடந்து முடிந்தவற்றைவிட இன்னும் முடியாமல் கிடப்பவற்றையே அடிக்கோடிட வேண்டும்.

ஆட்டம் தொடங்கும் முன், செஷன் ஜீரோ என்று சொல்லும் ஆட்டமில்லாத அமர்வில், எந்தெந்தச் செய்திகள் மேசைக்கு வரவே கூடாது என்று எல்லாரிடமும் கேட்டுக்கொள்வதை நான் கட்டாயமாகக் கருதுகிறேன். அண்மையில் வீட்டில் ஒரு சாவைக் கண்டவர் நம்மோடு அமர்ந்திருக்கலாம். கடனால் மானம் போனவர் அமர்ந்திருக்கலாம். காரணம் கேட்காமல் அவற்றை விலக்கி வைக்க வேண்டும். தனிக்கதை என்பது ஆடுபவரின் மனத்துக்கு மிக அருகில் போகும் வேலையாதலால், இதில் காட்டும் அலட்சியம் பிற தவறுகளைப் போல எளிதில் ஆறுவதில்லை.

பாத்திரம் நடுவிலேயே இறந்துவிட்டால் தனிக்கதை என்னாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில், 500 பொன் மதிப்புள்ள வைரம் இருந்தால் இறந்தவரை மீட்கும் மந்திரம் உண்டு. விதியாக அது சரியே. ஆனால் கதையாகப் பார்த்தால் சாவை அது கடைச்சரக்காக்கிவிடுகிறது. வீரப்பூர் மாசித் திருவிழாவிலும் நம் ஊர்ப் படுகளச் சடங்குகளிலும் வீழ்ந்து கிடப்பவர்கள் எழுப்பப்படும்போது அங்கே கூடியிருப்பவர்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, உயிர் மீள்வது எத்தனை பெரிய காரியம் என்று தெரியும். எங்கள் மேசையில் வைரம் மட்டும் போதாது. இறந்தவரைத் திரும்ப அழைக்கும் பாத்திரம் தன் தனிக்கதையில் தனக்கு அருமையான ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை அவரே சொல்ல வேண்டும். மீட்க யாரும் முன்வராவிட்டால், பென்ட்ராகன் ஆட்டத்தில் தந்தைக்குப் பின் மகன் தொடர்வதுபோல, முடியாமல் நின்ற கேள்வியை இறந்தவரின் வாரிசு ஏற்றுக்கொள்ளலாம். முடிவு எழுதப்படாத தனிக்கதைக்குத்தான் இந்த வழியெல்லாம் திறந்திருக்கும்.

தமிழில் விதிநூல் இல்லையே என்று தங்கள் கட்டுரை வருந்தியிருந்தது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் அடங்கிய 5.1 என்ற ஆவணத்தை அதன் வெளியீட்டாளர்கள் 2023 சனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் விட்டுவிட்டார்கள்; மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யார் வேண்டுமானாலும் அதைத் தமிழில் பெயர்த்து அச்சிடலாம். நம் பொறியியல் கல்லூரிகளிலும் கலைக் கல்லூரிகளிலும் உள்ள தமிழ் மன்றங்கள் இதைக் கையிலெடுத்தால் மிக மகிழ்வேன். ஆனால் அப்படிப் பெயர்க்கும்போது, தனிக்கதையை முழுதாக எழுதி வைக்கும் பழக்கத்தை முன்னுரையில் பரிந்துரைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். தங்கள் செய்தியாளர் பேட்டி கண்டிருந்தவர்கள் எல்லாரும் ஆட்டம் நடத்துபவர்களாகவே இருந்தார்கள். இதைப் பற்றி அடுத்து எழுதும்போது, ஆடுபவர்கள் சிலரையும் சந்திக்கச் சொல்லுங்கள். தங்கள் பாத்திரத்துக்கு நேர்ந்தவற்றில் எது கேம் மாஸ்டர் முன்பே முடிவு செய்தது, எது தாங்களே எடுத்த முடிவு என்று அவர்களைக் கேளுங்கள்; இரண்டில் எதைப் பற்றி அவர்கள் விரிவாகப் பேசுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, அவர்கள் சொன்னபடியே வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஈரோடு.